வீட்டு அலமாரியிலிருந்து வெளியூர் டிவிக்கு

வீட்டில் எந்நேரமும் இயங்கும் ஒரு கணினியில் படங்களையும் பாட்டுகளையும் குடும்ப வீடியோக்களையும் சேர்த்துவைத்து, அவற்றை வேறோர் ஊரில் இருக்கும் டிவியில் இணையம் வழியே பார்க்கும் பழக்கத்துக்கு இருபது வயதுக்குச் சற்று மேல் ஆகிறது. அந்தக் கணினியை மீடியா சர்வர் என்கிறார்கள். டிவியில் செருகிய சிறு கருவியோ டிவிக்குள்ளேயே இருக்கும் செயலியோ அதனிடம் படத்தைக் கேட்கும். சர்வர் அதைத் துண்டு துண்டாக அனுப்பும். வந்து சேரும் துண்டுகளை டிவி வரிசையாக ஓட்டிக் காட்டும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளும் இப்படித்தான் இயங்குகின்றன. படம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் படம் ஒப்பந்தம் முடிந்தால் காணாமல் போகும். வீட்டு அலமாரியில் இருக்கும் படத்தை எடுத்துவிட யாராலும் முடியாது.

படங்களைச் சேர்த்துவைப்பது இதில் பெரிய சிக்கலாக இருந்ததில்லை. அவற்றை வீட்டுக்கு வெளியே அனுப்புவதுதான் பல ஆண்டுகள் பெரும்பாடாக இருந்தது. இணையத்தின் கடைசிக் கம்பிகளைப் போட்டவர்கள் வீட்டைப் பெறும் இடமாக மட்டுமே எண்ணினார்கள். வீடே அனுப்பும் இடமாகவும் ஆகக்கூடும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை. மீடியா சர்வரின் வரலாறு பெரும்பாலும் அந்தக் கணக்கைத் திருத்த நடந்த முயற்சிகளின் வரலாறு.

அதன் வேர் கணினிக்கு முந்திய ஒரு வழக்கில் இருக்கிறது. சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒளிபரப்பைப் பதிவு செய்துவிட்டு வேறொரு நேரத்தில் பார்க்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. யுனிவர்சல், டிஸ்னி ஆகிய ஸ்டுடியோக்கள் அடுத்த ஆண்டே நீதிமன்றம் சென்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரி 17 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனியின் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது நியாயமான பயன்பாடே என்றது அந்தத் தீர்ப்பு. பார்க்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை இப்படிக் கிடைத்தது. பார்க்கும் இடத்தையும் மாற்றிக்கொள்ளலாமா என்ற கேள்வி எழ இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

1999இல் டிவோ, ரீப்ளேடிவி என்ற இரண்டு கருவிகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. டேப்புக்குப் பதில் ஹார்ட் டிஸ்கில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தவை இவை. இவற்றில் ரீப்ளேடிவிதான் இந்த வரலாற்றில் முக்கியமானது. 2001இல் வந்த அதன் 4000 வரிசைக் கருவியில் ஈதர்நெட் இணைப்பு இருந்தது. பதிவு செய்த நிகழ்ச்சியை அதே வீட்டின் இன்னோர் அறையில் பார்க்கலாம். இணையம் வழியே வேறொருவரின் ரீப்ளேடிவிக்கும் அனுப்பலாம். விளம்பரங்களைத் தானாகவே தாண்டவும் செய்யலாம். ஸ்டுடியோக்களும் டிவி நிறுவனங்களும் திரண்டு வழக்குப் போட்டன. அப்போது ரீப்ளேடிவியை நடத்திய சோனிக்புளூ நிறுவனம் 2003 மார்ச்சில் திவாலானது. அடுத்து வந்த உரிமையாளர் அனுப்பும் வசதியையும் விளம்பரம் தாண்டும் வசதியையும் புதிய கருவியிலிருந்து எடுத்துவிட்டார். ரீப்ளேடிவியைத் தொடங்கிய ஆன்டனி வுட் பின்னர் ரோக்கு நிறுவனத்தை உருவாக்கினார். வெளியூர் டிவியில் மீடியா சர்வரைப் பார்ப்பவர்களில் பலர் இன்று கையில் வைத்திருப்பது அந்த ரோக்குவைத்தான்.

இன்னொரு பக்கம் படங்கள் வட்டிலிருந்து கோப்பாக மாறிக்கொண்டிருந்தன. டிவிடி 1996இல் ஜப்பானில் அறிமுகமானது. ஒரு அடுக்கு டிவிடியில் 4.7 ஜிகாபைட் கொள்ளும். எம்பெக்-2 முறையில் சுருக்கிய இரண்டு மணி நேரப் படம் அதை ஏறக்குறைய நிரப்பிவிடும். வட்டுக்குப் போட்டிருந்த பூட்டை உடைக்கும் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் 1999 அக்டோபரில் வெளியானது. அதே காலத்தில் பரவிய டிவ்எக்ஸ் வகைச் சுருக்கம் அந்தப் படத்தை 700 மெகாபைட் சிடி ஒன்றுக்குள் அடக்கியது. தரம் குறைந்தாலும் அன்றைய குழாய் டிவியில் கண் உறுத்தவில்லை. ஃபாப்ரிஸ் பெலார்ட் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மென்பொருள் ஏறக்குறைய எல்லா வீடியோ வடிவங்களையும் படிக்கவும் மாற்றவும் கற்றுக்கொண்டது. 2002 இறுதியில் தொடங்கிய மட்ரோஸ்கா, ஒரே கோப்பில் படத்தையும் பல மொழி ஒலித்தடங்களையும் சப்டைட்டில்களையும் வைக்க இடம் தந்தது. 2003இல் எச்.264 வந்தது, பழைய முறைகள் தந்த தரத்தை அது பாதி அளவிலேயே தந்தது. இன்று ஓடும் ஏறக்குறைய எந்த மீடியா சர்வரைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே எஃப்எஃப்எம்பெக் இருக்கும். அதன் பெயரைக் கேள்விப்படாத கோடிக்கணக்கானவர்கள் தினமும் அதைப் பயன்படுத்துகிறார்கள். இந்தத் துறையில் அதற்கு இணையான உழைப்பு வேறில்லை.

கணினியில் சேர்ந்த கோப்புகளைக் கூடத்து டிவிக்குக் கொண்டுபோவது அடுத்த வேலை. இசையில் இது முதலில் நடந்தது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2001இல் விற்ற ஸ்லிம்ப்3 கருவிக்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. கணினியில் ஓடும் திறந்த மென்பொருள் சர்வரிடமிருந்து பாட்டைக் கேட்டு வாங்கி ஸ்டீரியோவுக்கு அனுப்புவதே அதன் வேலை. சேமிப்பு ஓரிடம், ஒலிக்கும் இடம் வேறு என்ற பிரிவு அங்கேயே தெளிவாக இருந்தது.

வீடியோவில் அந்த வேலையைச் செய்தது, எதிர்பாராத விதமாக, ஒரு விளையாட்டுப் பெட்டி. மைக்ரோசாஃப்ட் 2001 நவம்பரில் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸின் உள்ளே 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் செயலியும் 64 மெகாபைட் நினைவகமும் ஹார்ட் டிஸ்கும் நெட்வொர்க் இணைப்பும் இருந்தன. பின்னால் டிவிக்கான கேபிளும் இருந்தது. கணினியை டிவியோடு இணைக்க அன்று அதைவிட மலிவான வழி இல்லை. பெட்டியின் பூட்டைத் திறந்த ஆர்வலர்கள் 2002இல் எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயரை எழுதினார்கள். அதன் அடுத்த தலைமுறையான எக்ஸ்பிஎம்சியின் முதல் முழுப் பதிப்பு 2004 ஜூனில் வந்தது. மைக்ரோசாஃப்டின் உரிமமுள்ள கருவிகளைக் கொண்டே அதைத் தொகுக்க வேண்டியிருந்ததால், திட்டக்குழு மூல நிரலை மட்டுமே வெளியிட்டது. ஓட்டத் தயாரான வடிவத்தை வெளியிடச் சட்டம் இடம் தரவில்லை. ஆனாலும் அது பரவியது. படத்தின் சுவரொட்டி, கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல் எல்லாவற்றையும் இணையத்திலிருந்து எடுத்துக் கோப்புகளை நூலகமாக அடுக்கிக் காட்டும் தோற்றத்தை மக்களுக்குப் பழக்கியது எக்ஸ்பிஎம்சிதான். பின்னர் லினக்ஸ், மேக், விண்டோஸ் என்று பரவிய அந்த மென்பொருள் 2014இல் கோடி என்று பெயர் மாறியது.

பெரிய நிறுவனங்கள் இதே வேலைக்குப் பொதுத் தரம் ஒன்றை உருவாக்க முயன்றன. சோனி, இன்டெல் முதலியவை சேர்ந்து 2003இல் தொடங்கிய கூட்டமைப்பு டிஎல்என்ஏ என்ற பெயரில் அறியப்பட்டது. டிவி, கணினி, கேமரா ஆகியவை ஒரே வீட்டு நெட்வொர்க்கில் ஒன்றையொன்று தாமே கண்டுபிடித்துப் பேசிக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். கோடிக்கணக்கான டிவிகளில் அந்த முத்திரை இருந்தது. ஆனால் எந்த வடிவத்தை எந்த டிவி ஓட்டும் என்பதில் ஒழுங்கு வரவில்லை. ஒரு டிவியில் ஓடும் கோப்பு பக்கத்து வீட்டு டிவியில் ஓடாது. படம் வந்தால் ஒலி வராது. அதைவிட அடிப்படையான குறை ஒன்றும் இருந்தது: கருவிகள் ஒன்றையொன்று தேடும் முறை வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டுமே வேலை செய்தது. ரவுட்டரைத் தாண்டினால் டிஎல்என்ஏவுக்குப் பேச்சே இல்லை. கூட்டமைப்பு 2017 ஜனவரியில் கலைக்கப்பட்டது.

வாசலைத் தாண்டிய முதல் பெருவெற்றி ஸ்லிங்பாக்ஸ். பிளேக் கிரிக்கோரியன், ஜேசன் கிரிக்கோரியன் என்ற சகோதரர்கள் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள். அந்த அணி நன்றாக ஆடிய 2002இல் வேலை காரணமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த அவர்களால் உள்ளூர் சேனலில் வரும் ஆட்டங்களைப் பார்க்க முடியவில்லை. வீட்டு கேபிள் பெட்டிக்கு மாதாமாதம் பணம் கட்டியும் வெளியூரில் அது பயன்படவில்லை என்ற ஆதங்கத்திலிருந்து அந்தக் கருவி பிறந்தது. 2005 ஜூன் 30 அன்று விற்பனைக்கு வந்தபோது விலை ஏறக்குறைய 250 டாலர். வீட்டு செட்-டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தை வாங்கி, அந்த நொடியிலேயே சுருக்கி, இணையத்தில் அனுப்பியது. வெளியூரில் லேப்டாப்பில் சேனல் மாற்றினால், வீட்டுக் கூடத்தில் ஸ்லிங்பாக்ஸ் அகச்சிவப்புக் கதிரால் செட்-டாப் பாக்ஸின் ரிமோட்டைப் போல நடித்துச் சேனலை மாற்றும். இணைப்பின் வேகம் குறைந்தால் படத்தின் தரத்தை உடனே குறைத்து, ஓட்டம் நிற்காமல் காத்தது அதன் முக்கியத் திறமை. சோனி அதற்கு முன்பே லொகேஷன்ஃப்ரீ என்ற பெயரில் இதே எண்ணத்தைக் கருவியாக்கியிருந்தது. ஆனால் மக்களின் பேச்சில் இடம்பிடித்தது ஸ்லிங்பாக்ஸ்தான்.

எதிர்ப்பும் வந்தது. தன் ஆட்டங்களை ஊர்வாரியாகப் பிரித்து விற்றுவந்த மேஜர் லீக் பேஸ்பால், வெளியூரில் ஸ்லிங்பாக்ஸ் வழியே பார்ப்பது உரிமை மீறல் என்று சொன்னது. 2009இல் ஐபோனுக்கு ஸ்லிங் செயலி வந்தபோது, அமெரிக்காவில் அதை வைஃபையில் மட்டும் அனுமதித்தார்கள். ஏடி அண்ட் டி தன் 3ஜி வலையில் 2010இல்தான் இடம் கொடுத்தது. எக்கோஸ்டார் நிறுவனம் 2007இல், ஸ்லிங்பாக்ஸைத் தயாரித்த ஸ்லிங் மீடியாவை ஏறக்குறைய 380 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஸ்லிங்கேட்சர், வெளியூரில் லேப்டாப் இல்லாமல் நேரே டிவியில் செருகிப் பார்க்கும் பெட்டி. வீட்டிலிருந்து புறப்படும் படம் வேறோர் ஊரின் டிவிக்கே போய்ச் சேரும் முழுச் சங்கிலியைக் கடைச் சரக்காக்கியது அதுதான். ஆனால் அது அதிகம் விற்கவில்லை. சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது.

அன்றைய இணைப்பு எப்படிப்பட்டது என்று பார்த்தால் காரணம் புரியும். தொலைபேசிக் கம்பியில் வந்த ஏடிஎஸ்எல் முறையில், வீட்டை நோக்கி வரும் பாதைக்கு அகலமும் வீட்டிலிருந்து போகும் பாதைக்குக் குறுகலும் வேண்டுமென்றே ஒதுக்கப்பட்டன. 1999இல் ஏற்கப்பட்ட தரத்தில் வரும் வேகம் 8 மெகாபிட் வரை. போகும் வேகம் 1 மெகாபிட்டை ஒட்டி. இந்தியாவின் 2004ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை, பதிவிறக்கத்தில் 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. அது 512 ஆக உயர்ந்தது 2013இல்தான். 256 கிலோபிட் வேகத்திலேயே அப்லோட் நடந்தாலும் ஒரு சிடி அளவுப் படம் வீட்டை விட்டு வெளியேற ஆறு மணி நேரம் ஆகும். ஓடும்போதே பார்க்க வேண்டுமானால் அதற்கு மூன்று மடங்கு வேகம் வேண்டும். இரு திசையிலும் ஒரே வேகம் தரக்கூடிய ஃபைபர் வீடுகளுக்கு வந்த பிறகே இந்தத் தடை உண்மையில் நீங்கியது. அதுவரை நடந்ததெல்லாம் குறுகிய கம்பிக்குள் படத்தை நுழைக்கும் சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியத்தை ஒரு மென்பொருளின் மையமாக்கியது பிளெக்ஸ். ஈலன் ஃபைன்கோல்ட் 2007 டிசம்பரில் எக்ஸ்பிஎம்சியைத் தன் மேக் கணினிக்குக் கொண்டுவரத் தொடங்கிய வேலையே அதன் தொடக்கம். நோக்கங்கள் வேறுபட்டதால் 2008இல் அது தனி மென்பொருளாகப் பிரிந்து, அந்த ஜூலையில் பிளெக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. எக்ஸ்பிஎம்சியில் நூலகமும் ஓட்டும் பகுதியும் ஒரே கணினியில் இருந்தன. அறைக்கு அறை வேறு கணினி இருந்தால் அறைக்கு அறை வேறு நூலகம். பிளெக்ஸ் இவ்விரண்டையும் பிரித்தது. நூலகம், பார்த்து நிறுத்திய இடம், யார் எதைப் பார்த்தார் என்ற குறிப்பு எல்லாம் சர்வரில் இருக்கும். டிவியில் இருப்பது வெறும் திரை. கூடத்தில் பாதியில் நிறுத்திய படத்தை மறுநாள் வேறோர் ஊரில் அதே நொடியிலிருந்து தொடர முடிந்தது இந்தப் பிரிவால்தான். 2010இல் எல்ஜி தன் டிவிகளில் பிளெக்ஸைச் சேர்க்கப்போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு மைபிளெக்ஸ் என்ற கணக்கு முறை வந்தது. சர்வரும் டிவியும் ஒரே கணக்கில் நுழைந்தால், உலகில் எங்கிருந்தாலும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். பிற்காலச் சச்சரவுகளுக்கு வித்திட்டதும் அந்தக் கணக்குதான்.

இதே ஆண்டுகளில் டிவிப் பக்கத்திலும் மாற்றம் நடந்தது. 2007 மார்ச்சில் வந்த முதல் ஆப்பிள் டிவிக்குள் 40 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது; கணினியிலிருந்து படங்களை அதில் நகலெடுத்துக்கொள்ளலாம். 2010இல் வந்த இரண்டாம் ஆப்பிள் டிவியில் ஹார்ட் டிஸ்க் இல்லை. 2008 மே மாதம் நெட்ஃபிளிக்ஸுக்காக வந்த முதல் ரோக்குவிலும் இல்லை. 2013இல் 35 டாலருக்கு வந்த குரோம்காஸ்ட் பெட்டியாகக்கூட இல்லை. டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் விரல் நீளப் பொருள். கைபேசி அதற்கு முகவரியை மட்டும் சொல்லும்; படத்தை அது சர்வரிடமிருந்து தானே கேட்டு வாங்கும். அடுத்த ஆண்டு ஃபயர் டிவி ஸ்டிக் வந்தது. பெரிய நிறுவனங்கள் தம் கடைகளுக்கான வாசலாக உருவாக்கிய இந்த மலிவான கருவிகளே வீட்டு சர்வர்களுக்கும் வெளியூர்த் திரைகளாக ஆயின.

ஆனால் மலிவான கருவிக்கு எல்லா வடிவமும் தெரியாது. அங்கேதான் டிரான்ஸ்கோடிங் வருகிறது. டிவி படத்தைக் கேட்கும்போது தனக்கு எந்த வடிவங்கள் புரியும், எவ்வளவு வேகம் தாங்கும் என்பதையும் சர்வருக்குச் சொல்கிறது. கோப்பு அதற்குப் பொருந்தினால் சர்வர் அப்படியே அனுப்பிவிடும். அதற்கு மின்சாரமும் உழைப்பும் அதிகம் தேவையில்லை. பொருந்தாவிட்டால் படத்தைச் சட்டம் சட்டமாக விரித்து, வேறு வடிவத்தில் மீண்டும் சுருக்கி, சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்ப வேண்டும். ஆப்பிள் 2009இல் ஐபோனுக்காக வெளியிட்ட எச்எல்எஸ் முறை இந்தத் துண்டு விநியோகத்துக்கு எளிய வடிவம் கொடுத்தது: துண்டுகளின் பட்டியல் ஒன்று, துண்டுகள் சாதாரண வலைக் கோப்புகள். ஒரு முழு எச்டி படத்தை நிகழ்நேரத்தில் மாற்ற அன்றைய கணினி திணறும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் நின்றே போகும். இன்டெல் 2011இல் தன் செயலிகளுக்குள் சேர்த்த குவிக் சிங்க் என்ற தனி வீடியோச் சுற்று இந்தச் சுமையைக் குறைத்தது. இன்று பழைய அலுவலகக் கணினி ஒன்றே குடும்பம் முழுவதுக்கும் போதுமான சர்வராகிவிடுகிறது.

மாற்றும் வேலையைத் தூண்டுவதில் சப்டைட்டிலுக்கும் பெரும் பங்கு உண்டு. சர்வரை அமைப்பவர்கள் பலர் தாமதமாகத்தான் இதைக் கண்டுகொள்கிறார்கள். புளூ-ரே வட்டுகளில் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கிறது. பல டிவிக் கருவிகளுக்கு அதைக் காட்டத் தெரியாது. அப்போது சர்வர் அந்த வரிகளைப் படத்தின் மீதே பதித்து முழுப் படத்தையும் மறுபடி சுருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வரி எழுத்துக்காக இரண்டு மணி நேர உழைப்பு. தமிழ் சப்டைட்டிலில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். கோப்பிலோ மெய்க்கு அடுத்தே உயிர்க்குறி பதிவாகியிருக்கும். இடம் மாற்றி அடுக்கத் தெரியாத கருவியில் எழுத்துகள் சிதறும். தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் கட்டங்கள் தெரியும். லிப்ஆஸ் என்ற திறந்த மென்பொருள், எழுத்துகளை முறையாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் நிரலைச் சேர்த்துக்கொண்ட பிறகு, சர்வரே தமிழ் வரிகளைச் சரியாகப் பதித்து அனுப்ப முடிந்தது.

வேகமும் வடிவமும் சீரான பிறகும் முகவரிச் சிக்கல் மிச்சமிருந்தது. இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரிகள் ஏறக்குறைய 430 கோடிதான். அவை தீர்ந்துவிடாமல் இருக்க, 1994இல் விவரிக்கப்பட்ட நாட் என்ற முறையில் ஒரு வீட்டின் எல்லாக் கருவிகளும் ரவுட்டரின் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டன. அடுக்குமாடி வாசலில் நிற்கும் காவலாளியைப் போன்றது அந்த ரவுட்டர்: உள்ளிருந்து போனவருக்கு வரும் பதிலை உரிய வீட்டுக்கு அனுப்புவார், முன்னறிவிப்பின்றி வரும் அந்நியரைத் திருப்பி அனுப்பிவிடுவார். வெளியூர் டிவி அப்படிப்பட்ட அந்நியர். அதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் என்ற விதியைக் கையால் எழுத வேண்டியிருந்தது. பிளெக்ஸின் வழக்கமான எண் 32400. அடிக்கடி மாறும் வீட்டு முகவரியைத் தொடர ஒரு பெயர்ச் சேவையும் தேவைப்பட்டது. 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பில் முகவரிகள் தீர்ந்தன. இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தத் தொடங்கின. அதற்கெனத் தனி முகவரித் தொகுதியே 2012இல் ஒதுக்கப்பட்டது. இந்தியாவில் பல ஃபைபர் இணைப்புகள் இன்று அப்படித்தான் இருக்கின்றன. வீட்டு ரவுட்டரில் எந்த விதி எழுதினாலும் பயனில்லை. அதற்கு மேலே இன்னொரு வாசல் பூட்டியிருக்கிறது.

பிளெக்ஸ் இதற்குத் தன் சர்வர் வழியே இடைமாற்று வசதி தந்தது. ஆனால் அதில் வேகம் 1 அல்லது 2 மெகாபிட்டுக்குள் கட்டுப்பட்டது. மேலான தீர்வு, இணையத்துக்குள் தனிப் பாதை அமைக்கும் சுரங்க முறையில் கிடைத்தது. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய வயர்கார்டு என்ற சுரங்க மென்பொருள், 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. அதை அடித்தளமாக்கிய டெயில்ஸ்கேல், இரு முனைகளும் தாமே வெளியே கை நீட்டிச் சந்தித்துக்கொள்ளும்படி செய்கிறது. யாரும் கதவைத் திறந்துவைக்க வேண்டியதில்லை. பாதுகாப்புக்கும் இதுவே நல்லது. 2022இல், கடவுச்சொற்களைக் காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்த பெரிய ஊடுருவலில், தாக்கியவர்கள் ஒரு பொறியாளரின் வீட்டுக் கணினியில் இருந்த பழைய பிளெக்ஸ் பதிப்பின் ஓட்டை வழியே நுழைந்தார்கள். அந்த ஓட்டைக்கு 2020லேயே திருத்தம் வெளியாகியிருந்தது. வீட்டு சர்வரை வெளியுலகுக்குத் திறந்தவர் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கக் கடமைப்பட்டவர்.

வட்டைக் கோப்பாக மாற்றுவது சட்டப்படி சரியா என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம், சொந்த வட்டின் பூட்டை உடைப்பதையும் தடை செய்தது. டிவிடிகளைச் சேமிக்கும் விலையுயர்ந்த வீட்டு சர்வர்களை விற்ற கலைடெஸ்கேப் நிறுவனம் மீது 2004இல் தொடங்கிய வழக்கு, 2014இல் சமரசமாகும்வரை இழுத்தது. பிரிட்டன் 2014 அக்டோபரில் சொந்தப் பயனுக்கான நகலைச் சட்டபூர்வமாக்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. நோக்கத்தைக் கணக்கில் எடுக்கும் இந்திய அணுகுமுறை அமெரிக்கச் சட்டத்தைவிட நியாயமானது.

மென்பொருள் உலகில் இன்னொரு பிளவு நிகழ்ந்தது. மீடியா பிரவுசர் என்று தொடங்கி எம்பி என்று பெயர் மாறிய சர்வர், திறந்த மென்பொருளாக வளர்ந்து, 2018இல் தன் நிரலை மூடிக்கொண்டது. அந்த டிசம்பரிலேயே அதன் கடைசித் திறந்த பதிப்பிலிருந்து தன்னார்வலர்கள் ஜெல்லிஃபின் என்ற கிளையைத் தொடங்கினார்கள். அதில் மையக் கணக்கு இல்லை, கட்டணமும் இல்லை. வெளியூரிலிருந்து வீட்டை அடையும் வழியை அமைப்பது உரிமையாளரின் பொறுப்பு.

மையத்தை நம்பியிருப்பதற்கும் நம்பாதிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டின் கனம் சில ஆண்டுகளில் தெரிந்தது. ஸ்லிங் நிறுவனம் 2022 நவம்பர் 9 அன்று தன் சர்வர்களை அணைத்தபோது, மக்கள் காசு கொடுத்து வாங்கிய ஸ்லிங்பாக்ஸ்கள் வெளியூரிலிருந்து வரும் அழைப்புக்குப் பதில் சொல்வதை நிறுத்தின. பெட்டியும் கம்பியும் பழுதில்லை. வீட்டைக் காட்டிக்கொடுக்கும் நடுச் சர்வர்தான் இல்லை. 2025 ஏப்ரல் 29 முதல் பிளெக்ஸ், சொந்தப் படங்களை வெளியூரிலிருந்து பார்ப்பதற்குக் கட்டணம் விதித்தது. சர்வர் உரிமையாளரிடமோ பார்ப்பவரிடமோ சந்தா இருக்க வேண்டும். தன் வீட்டிலிருக்கும் கோப்பைத் தன் இணைப்பில் பார்க்கவும் காசா என்று கோபப்பட்டவர்கள் பலர் ஜெல்லிஃபினுக்கு மாறினார்கள்.

மாறியவர்கள் முன் நின்ற கடைசித் தடை டிவிக் கருவிதான். சுரங்க மென்பொருளைக் கணினியிலும் கைபேசியிலும் நிறுவுவது எளிது, டிவியில் அப்படியில்லை. ஆண்ட்ராய்டு வழிக் கருவிகள் முன்பே இடம் கொடுத்தன. ஆப்பிள் டிவியில் 2023 செப்டம்பரில் வந்த டிவிஓஎஸ் 17 முதல் அது முடிந்தது. சாம்சங், எல்ஜி டிவிகளின் சொந்த இயங்குதளங்களில் அதற்கு இடமில்லை. அத்தகைய டிவி இருக்கும் வீட்டில் ஒரு ஸ்டிக்கைச் செருகிக்கொள்கிறார்கள். இல்லையென்றால் அந்த வீட்டு ரவுட்டரிலேயே வயர்கார்டைத் தொடங்கி, டிவிக்கு எதையும் தெரிவிக்காமல் இரண்டு வீடுகளின் நெட்வொர்க்குகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள்.